ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சேலம் பக்கம் அரசுப் பள்ளியில சமூக அறிவியல் டீச்சரா இருக்கேன். நீர்ப்பிடிப்புப் பகுதின்னா என்னன்னு கேட்டா பசங்க புக்ல இருக்கறத கடகடன்னு ஒப்பிக்கறாங்க, நம்ம ஊர் ஏரிக்கு எங்கேருந்து தண்ணி வருதுன்னு கேட்டா முழிக்கறாங்க. டோப்போ ஷீட் (மேடு பள்ளம், ஓடை, ஏரியெல்லாம் காட்டற வரைபடம்) வச்சு சொல்லித்தரலாமா, எட்டாங்கிளாஸுக்குப் புரியுமா?

பதில்: தாராளமா புரியும் டீச்சர். ஆனா டெஃபனிஷன்ல ஆரம்பிக்காதீங்க, ஏரியில ஆரம்பிங்க. சர்வே ஆஃப் இந்தியா வெப்சைட்டுல அக்கவுண்ட் போட்டா 1:50,000 ஷீட் ஃப்ரீயாவே கிடைக்குது. அதுல 2 செ.மீ.ன்னா தரையில 1 கி.மீ., ஆனா ஏ4 பேப்பர்ல சுருக்கி பிரிண்ட் போட்டா இந்தக் கணக்கு ஒத்துவராது, அதனால முழு சைஸ்லயே போடுங்க. மேல ட்ரேசிங் பேப்பர வச்சு ஏரியிலருந்து மேல்நோக்கி ஒவ்வொரு ஓடையா வரையச் சொல்லுங்க. பசங்க நீலக் கோட்ட மட்டும்தான் தேடுவாங்க, ஆனா வருஷத்துல பாதி நாள் காஞ்சு கெடக்கற ஓடைங்க ஷீட்ல கருப்புல இருக்கும், நம்ம பக்கத்துல முக்காவாசி அதுதான்! அத விட்டா ஏரிக்குத் தண்ணியே வராது.

அப்புறம் காண்டூர், அதாவது ஒரே உயரத்துல இருக்கற இடங்கள இணைக்கற கோடு. பழுப்புக் கோடு மேட்டப் பாத்து மூக்க நீட்டினா அது ஓடை, பள்ளத்தப் பாத்து நீட்டினா அது முகடு, இது ஒண்ணு பிடிபட்டாப் போதும். முகட்டையெல்லாம் தொட்டுத் தொட்டு ஒரு கோடு இழுத்து, ரெண்டு முனையும் ஏரிக்கரையில வந்து முடிஞ்சா அதுக்குள்ள இருக்கறதுதான் உங்க ஏரியோட நீர்ப்பிடிப்பு, அதாவது ஏரிக்குத் தண்ணி தர்ற நிலம். உள்ள எத்தன சதுர செ.மீ.ன்னு கிராஃப் பேப்பர்ல எண்ணச் சொல்லுங்க. ஒண்ணுக்கு 25 ஹெக்டேர். அதுமேல 10 மி.மீ. மழை பெஞ்சா 25 லட்சம் லிட்டர், மண்ணு குடிச்சது போக மீதிதான் ஏரிக்கு வரும்னு சேத்தே சொல்லிடுங்க.

உங்களுக்கு சேர்வராயன் மலை பக்கத்துலயே இருக்கறது பெரிய கொடுப்பினை. தெக்கால சரியற மழை திருமணிமுத்தாறா சேலத்துக்குள்ள ஓடி காவிரியில சேருது, வடக்கால சரியறது வாணியாறா தருமபுரி பக்கம் இறங்கி தென்பெண்ணையில கலந்து கடலூர்கிட்ட கடலுக்குப் போகுது. ஒரே மலை, ஒரே மழை, முகட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கறதுதான் வித்தியாசம். இத பசங்களே விரல் வச்சு ஷீட்ல தேடிக் கண்டுபிடிக்கட்டும், நீங்க முந்திக்கிட்டு சொல்லிடாதீங்க. ஒரு நல்ல மழை முடிஞ்சதும் பெரியவங்க துணையோட கிட்டத்து ஓடை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க, ஓடைக்குள்ள இறங்க விடாதீங்க.

கேள்வி: எங்க ஊரு ராமநாதபுரம் மாவட்டம், ஷீட்ல காண்டூர் கோடே தேடித்தான் பாக்கணும். நாங்க என்ன பண்றது?

பதில்: சமதரையில 20 மீட்டர் இடைவெளிக் கோடு உதவாதுதான். நீங்க கண்மாய்க்கரையப் பாருங்க, கரை எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்தான் சரிவு. மேல் கண்மாய் நிறைஞ்சு கலுங்கு (மிச்சத் தண்ணி வழியற இடம்) வழியா அடுத்த கண்மாய்க்குப் போற சங்கிலிய பென்சில்ல இணைச்சா வைகைத் தண்ணி வர்ற வழி தெரிஞ்சிடும். பழைய ஷீட் கெடச்சா கூகுள் எர்த்தோட ஒப்பிட்டு, எந்த வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வாய்க்கால்) இப்ப வீட்டுமனைக்குள்ள போயிடுச்சுன்னு குறிச்சு கிராமசபையில அந்த மேப்பையே காட்டச் சொல்லுங்க.