பாதம் ஏன் வெடவெடவென்று ஆடுகிறது?

கே: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். வலது பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பயிற்சி கொடுக்கும்போது சில நாள் கால் வெடவெடவென்று ஆடுகிறது, சில நாள் ஆடுவதில்லை. தான் ஆட்டவில்லை என்கிறார் அப்பா. பயிற்சியை விட்டுவிடலாமா?

ப: விட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். அப்பா சொல்வது உண்மை. கெண்டைக்கால் தசைக்குள் ஸ்பிண்டில் என்ற நுண்ணிய உணரிகள் உண்டு. தசை எவ்வளவு நீள்கிறது என்பதோடு, எத்தனை வேகமாக நீள்கிறது என்பதையும் தண்டுவடத்துக்குச் சொல்பவை அவை. ‘சுருங்கு’ என்ற உத்தரவு அங்கிருந்தே திரும்பிவிடும். சேதி போய்வர ஏறக்குறைய 40 மில்லி விநாடி. மூளையைக் கேட்பதே இல்லை. இந்த அனிச்சையை அடக்கிவைக்கும் மூளையின் கடிவாளம் பக்கவாதத்தில் தளர்ந்துபோகிறது. அதனால், வெடுக்கென்று தள்ளினால் தசை சுருங்கும். உங்கள் கை விடாமல் தள்ளுவதால் மறுபடி நீளும், மறுபடி சுருங்கும், விநாடிக்கு ஐந்தாறு தடவை. இதற்குக் குளோனஸ் என்று பெயர். பாதத்தைக் கீழ்நோக்கித் தளரவிட்டால் அடங்கிவிடும்.

பிடிக்கும் விதமும் முக்கியம். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையைப் பாதத்தின் அடியோடு ஒட்டவையுங்கள். குதிகாலைக் கீழே இழுத்தபடியே, ஐந்து எண்ணும் நேரத்தில் பாதத்தை மெல்ல மேலே கொண்டுபோங்கள். இறுக்கம் தட்டும் இடத்தில் 30 விநாடி நிறுத்தம். மூன்று முதல் ஐந்து தடவை போதும். முதலில் முழங்காலை மடக்கிவைத்துச் செய்தால் கெண்டைக்காலின் உள்ளடுக்குத் தசையான சோலியஸ் நீளும். மேலடுக்குத் தசையான காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்காலைத் தாண்டித் தொடையெலும்பைப் பற்றியிருப்பதால், அதற்குக் காலை நீட்டித்தான் செய்ய வேண்டும். விரல் பக்கத்தை மட்டும் பிடித்துத் தள்ளுவதுதான் வீடுகளில் நடக்கும் தவறு. பாதத்தின் நடுப்பகுதி வளையுமே தவிர கெண்டைக்கால் நீளாது. முன்பாதத்தில் விழும் அந்த அழுத்தமே சிலருக்கு இறுக்கத்தைக் கிளப்பும்.

வழக்கத்தைவிட இறுக்கம் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், குதிகால் புண், சதைக்குள் வளர்ந்த நகம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

கே: நாம் அசைப்பது மூளைக்குத் தெரியுமா?

ப: உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் பாதை நன்றாக இருந்தால் தெரியும். கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலை இரு பக்கவாட்டிலும் பிடித்து அசைத்து, “மேலேயா, கீழேயா?” என்று கேளுங்கள். மேலும் கீழும் பிடித்தால் அழுத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் நாம் அசைப்பது மட்டும் நடையைத் திருப்பித் தராது. ஒவ்வொரு தடவையும் “நீங்களும் தூக்குங்கப்பா” என்று சொல்லுங்கள். துளியும் அசையாவிட்டாலும் அவர் முயலட்டும்.