கார்னெலும் வெனீட்டாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் இசைக்குழு கிரேட்ஃபுல் டெட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 1977-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் நடத்திய கச்சேரியின் பதிவைக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை உச்சம் என்று ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது பிடிபடவில்லை. அதே பாட்டுகளுக்காக ரசிகர்கள் நூற்றுக்கணக்கான பதிவுகளைத் தேடிப் போவதும் புரியவில்லை. உங்களுக்கு மிகவும் பிடித்த கச்சேரி எது?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்,

எனக்கு வெனீட்டாதான். 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலம்.

கார்னெலின் புகழுக்குப் பாதிக் காரணம் ஒலிப்பதிவு. பெட்டி கேன்டர்-ஜாக்சன் அன்று பதிந்த நாடாவில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகத் துலங்கும். கச்சேரியை ரசிகர்கள் பதிவுசெய்வதை இந்தக் குழு தடுக்கவில்லை. 1984-ல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. நாடாக்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. நல்ல நாடா எதுவோ அதுதானே அதிகம் பரவும்? வாசிப்பும் குறைந்ததல்ல. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' தொடங்கும் இடத்தை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். எந்த நொடியில் பாட்டு மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் இரண்டே கார்டுகள் (chords, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) மாறி மாறி வர, அதன் மேல் ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டு போகும்.

ஆனாலும் கார்னெலில் எல்லாம் கச்சிதம். வெனீட்டாவில் எதுவும் கச்சிதமில்லை. எழுத்தாளர் கென் கெசியின் சகோதரர் நடத்திய பால்பண்ணை பணமுடையில் இருந்தது. அதற்கு உதவ வயல்வெளியில் ஒரு கச்சேரி. நுழைவுச்சீட்டை பண்ணையின் தயிர் லேபிளிலேயே அச்சடித்தார்கள். வெயில் 38 டிகிரிக்கு மேல். கிட்டார்கள் சுருதியில் நிற்க மறுத்தன.

அந்த வெயிலில், பொழுது சாயும் நேரத்தில், அரைமணி நேரம் 'டார்க் ஸ்டார்' வாசித்தார்கள். பாடல் வரிகள் வருவதே நெடுநேரம் கழித்துத்தான். கார்சியா சின்னதாக ஒன்றை வாசித்து விட்டுவிடுகிறார். பாஸ் கிட்டாரில் ஃபில் லெஷ் அதைத் தாங்கிப் பிடிப்பதில்லை, பதில் சொல்கிறார். சிலசமயம் மறுத்தே பேசுகிறார். அன்று டிரம்ஸில் பில் க்ரூட்ஸ்மன் ஒருவர்தான். இன்னொரு டிரம்மரான மிக்கி ஹார்ட் அந்த வருடங்களில் குழுவில் இல்லை. (பின்னாளில் ஜாகீர் உசேனையும் நம் விக்கு விநாயக்ராமையும் சேர்த்துக்கொண்டு 1991-ல் 'பிளானட் டிரம்' ஆல்பத்தைக் கொண்டுவந்தவர் இவர்தான்.) ஒற்றை டிரம்ஸ் என்பதால் தாளம் இளகிக்கிடக்கிறது, யார் எந்தப் பக்கம் இழுத்தாலும் வளைகிறது. கடைசியில் மெட்டும் தாளமும் கரைந்து வெறும் இரைச்சலாகிறது. இனி எங்கும் போக முடியாது என்று நினைக்கும்போது குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞரான பாப் வீர் 'எல் பாசோ' என்ற கௌபாய் பாட்டைப் பாடத் தொடங்குகிறார். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அங்கே கண் நிறைந்துவிடும்.

நூறு பதிவுகள் எதற்கு என்றீர்கள். என்ன வாசிப்பது என்பதைப் பெரும்பாலும் மேடையில்தான் முடிவு செய்தார்கள். எப்படி வாசிப்பது என்பது அவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. ஆகவே பாட்டின் பெயர் ஒன்றுதான், உள்ளே நடப்பது வேறு. நூறு வேண்டாம், இரண்டு போதும். 'லைவ்/டெட்' ஆல்பத்தில் 1969 பிப்ரவரி 27 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்டில் வாசித்த 'டார்க் ஸ்டார்' இருக்கிறது, 23 நிமிடம், இரண்டு டிரம்மர்கள். அதை முதலில் கேளுங்கள். மறுநாள் வெனீட்டா. ஹெட்ஃபோனில், பாஸை மட்டும் பின்தொடர்ந்து. 1969-தான் மேல் என்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள். அந்தக் கட்சியிலும் நிறையப் பேர் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்