வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன்னைத் தொடங்காத ஜெஃப் வெய்னரை ஏன் அதன் முகமாகச் சொல்கிறார்கள்?

தொடங்கியவர்களில் முக்கியமானவர் ரீட் ஹாஃப்மன். தளம் 2003-இல் வந்தது. வெய்னர் அப்போது யாகூவில் இருந்தார். அதற்கு முன் வார்னர் பிரதர்ஸில் வேலை. 2008 டிசம்பரில் தற்காலிகத் தலைவராக லிங்க்ட்இன்னுக்கு வந்தார், அடுத்த ஆண்டே தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அப்போது உறுப்பினர்கள் சுமார் 3.3 கோடி. 2020-இல் அவர் பதவி விலகியபோது 69 கோடி!

இடையில் எல்லாம் சுகமாகப் போகவில்லை. 2011 மே மாதம் 45 டாலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்த லிங்க்ட்இன் பங்கு முதல் நாளே இரட்டிப்பைத் தாண்டியது, சரி. ஆனால் 2016 பிப்ரவரியில், வருமானக் கணிப்பு ஏமாற்றமளித்ததால், ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஊழியர்கள் கையிலிருந்த பங்குகளும் கரைந்தன. தனக்கு வரவேண்டிய சுமார் 1.4 கோடி டாலர் பங்கை வெய்னர் அவர்களுக்கே விட்டுக்கொடுத்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது இதனால்தான்.

அப்புறம் நான்கே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் லிங்க்ட்இன்னை 2,620 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வாங்கிய பிறகும் வெய்னரே தலைமையில் தொடர்ந்தார். 2020 ஜூனில் பொறுப்பு ரையன் ரோஸ்லான்ஸ்கியிடம் போனது. அவர் 2009-இல் வெய்னரே சேர்த்துக்கொண்டவர்.