மன்னர் விழாவும் மலைமக்களும்: வாசகர் கேள்வி–பதில்

அரச குடும்பத்து விழாவைக் கண்டு மகிழ்வது வேறு, அரசாட்சியை ஏற்றுக்கொள்வது வேறு என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களைப் படித்தபோது, மலையில் வாழும் நமக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அன்று என்பது தெளிவாயிற்று. ஆகவே இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

2023 மே 6ஆம் தேதி மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவைத் தொலைக்காட்சியில் முழுவதும் பார்த்தேன். கல்லூரியில் படிக்கும் என் பேரன், "இது அடிமைப் புத்தி, பாட்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் சொன்னது சரியா, ஐயா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

உங்களைப் பற்றி அவன் சொன்னது சரியில்லை, அம்மா. ஆனால் அவனுடைய கோபத்துக்கு அடியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள்.

நீங்கள் பார்த்தது எதை என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மன்னருக்கு எண்ணெய் பூசும் கட்டம் வந்ததும் சுற்றிலும் திரை கட்டி மறைத்தார்கள். ஜெருசலேமின் ஒலிவ மலையில் விளைந்த காயிலிருந்து ஆட்டி, அந்நகரிலேயே புனிதப்படுத்திக் கொண்டுவந்த எண்ணெய் அது. அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போடும்போது கைகூப்பிக் காத்து நிற்கும் பழக்கமுள்ள நம் கண்ணுக்கு, அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஈர்ப்பு சடங்கின் ஈர்ப்பு. எலிசபெத் ராணி 1952 பிப்ரவரியில் பட்டத்துக்கு வந்து, எழுபது ஆண்டுகள் ஒரே பொறுப்பில் இருந்து, சர்ச்சில் தொடங்கிப் பதினைந்து பிரதமர்களைக் கண்டு, பதினைந்தாமவரை நியமித்த இரண்டாம் நாள் 2022 செப்டம்பர் 8 அன்று காலமானார். பள்ளியில் பணி செய்து ஓய்வுபெற்ற ஒருவருக்கு அப்படிப்பட்ட கடமையுணர்வின் மேல் மரியாதை வருவது இயல்பு. அதற்கு அடிமைப் புத்தி என்று பெயர் வைப்பது முறையன்று.

ஆனால் அதே விழாவில், வீட்டிலிருந்து பார்ப்பவர்களும் மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று வாய்விட்டு உறுதி கூற வேண்டும் என்றொரு பகுதி முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. பிரிட்டனிலேயே அதற்கு எதிர்ப்பு எழுந்ததால், விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று தளர்த்தினார்கள். உங்கள் பேரன் அஞ்சுவது அந்த உறுதிமொழியைத்தான். நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கும் பணிவேன் என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை நீங்கள் தாண்டவில்லை என்பதை அவனிடம் சொல்லுங்கள். அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான்.

பழைய ஆவணங்களில், மன்னர் விழாக்களை நம் மலை மக்கள் "ராஜவிசுவாசத்தோடு" கொண்டாடினார்கள் என்று இருக்கிறதே, அது உண்மையா?
– வாசகர், குன்னூர்

அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் பெரும்பாலும் விழாவை நடத்தியவர்களே. கூட்டத்தில் நின்றவர் எழுதிவைத்தது நமக்கு அரிதாகவே கிடைக்கிறது. அதனால் நான் காகிதத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பார்க்கச் சொல்வேன்.

ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23 அன்று. நான்காம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாளைக் கொண்டாடும் நாள் என்பதற்காகவே அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் தெரியும் பெரிய உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. ஒரு மன்னரின் பிறந்தநாளுக்கு வைத்த கல்லின்மேல், தோற்று மாண்ட இன்னொரு மன்னரின் வீட்டு மரம் நிற்கிறது. திப்பு வீழ்ந்த 1799 வரை இந்த மலை மைசூருக்கு உட்பட்டிருந்தது. முப்பதே ஆண்டுகளுக்குள் யாருக்கு வரி கொடுப்பது என்பது மாறிப்போனதைக் கண்ட முதியவர் ஒருவர் அன்று அந்த அடிக்கல்லுக்கு அருகே நின்றிருந்தால், அவருடைய விசுவாசம் எந்த மன்னருக்கு உரியது என்று நாம் எழுத முடியும்?

அடுத்து 1877 ஜனவரி 1. விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிப்பதற்காக வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தினார். விழாவும் விருந்தும் நாள்கணக்கில் நீண்டன. அதே நேரத்தில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். சமவெளியில் மக்கள் கிழங்கையும் கீரையையும் தேடி அலைந்து, வழியிலேயே விழுந்து மடிந்தார்கள். 1878க்குள் மாண்டவர்கள் பல லட்சம் பேர். பிறகு 1887இல் ராணியின் பொன்விழா வந்தது. அந்த நிகழ்வையொட்டி ஊட்டிக்கு அளிக்கப்பட்ட ராணியின் ஓவியம் நீலகிரி நூலகத்தில் இருக்கிறது. நல்ல ஓவியம்தான், ஆனால் அதன் முன் நிற்கும்போதெல்லாம் பத்து ஆண்டுக்கு முந்தைய தர்பாரும் என் கண்முன் வருகிறது.

இதற்காக நம் மக்கள் எல்லாரும் அன்றே எதிர்த்து நின்றார்கள் என்று சொன்னால் அதுவும் பொய். 1858 நவம்பர் 1 அன்று ராணியின் பெயரால் வெளியிட்ட பிரகடனத்தில் இனம், மதம் பாராமல் குடிமக்களை நடத்துவதாக வாக்குறுதி இருந்தது. அதிகாரி அநியாயம் செய்தால், ராணியின் வாக்கை மீறுகிறீர்கள் என்று மனுவில் எழுத அது ஒரு பிடியாக இருந்தது. ஆரம்பகாலக் காங்கிரஸ்காரர்களும் அந்தப் பிரகடனத்தைக் காட்டித்தான் உரிமை கேட்டார்கள். கலெக்டர் கெட்டவர், ராணி நல்லவர் என்ற நம்பிக்கையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். கேட்க வேறு வாசல் இல்லாதவனுக்கு அது ஒன்றுதான் வாசல்.

மனம் எவ்வளவு விரைவாக மாறியது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் ஆன வேல்ஸ் இளவரசர் 1906 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோது, பாரத மாதாவே நல்வரவு கூறுவதாகப் பாட்டு எழுதியவர் நம் பாரதியார். சரியாகப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1922 ஜனவரி 13 அன்று, அந்த ஜார்ஜின் மகனான அடுத்த வேல்ஸ் இளவரசர் அதே சென்னைக்கு வந்தார். கடைகள் அடைத்துக் கிடந்தன, ஹர்த்தால் கலவரத்தில் முடிந்தது. இடையில் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையிலிருந்த கடிதம், ஐந்தே நாளில் லண்டனில் நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவைத்தான் சாடியது. அதற்கும் முன்பு, 1897 ஜூன் 22 அன்று ராணியின் வைரவிழா இரவில், விருந்து முடிந்து திரும்பிய பிளேக் அதிகாரி ராண்டைப் புனேயில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

எளிய மக்களின் மனத்தை அறிய நாணயத்தையும் பார்க்கலாம். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் உருவத்தோடு வந்த புது ரூபாயில், மன்னர் அணிந்திருந்த சங்கிலியின் யானைச் சின்னம் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. மக்கள் அதைக் கையில் வாங்கத் தயங்கினார்கள். அரசு திரும்பப் பெற்று அடுத்த ஆண்டே திருத்திய அச்சை வெளியிட வேண்டியதாயிற்று. ஐந்தாம் ஜார்ஜுக்காக டெல்லியில் மீண்டும் தர்பார் நடந்த அதே 1911இல், கூலிக்காரரும் வியாபாரியும் மன்னரின் நாணயத்தை மறுத்திருக்கிறார்கள். விழா நாளில் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் வாங்கிய பிள்ளையையும், அன்றைக்கு ஒரு வேளை சோறு கிடைத்தது என்று வந்து நின்ற தோட்டத் தொழிலாளியையும் விசுவாசிகள் என்று கணக்கில் எழுதியவர் வேண்டுமானால் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை.

எலிசபெத் ராணி மறைந்தபோது நம் தேசியக் கொடியை ஏன் அரைக்கம்பத்தில் பறக்கவிட வேண்டும்?
– அரசு ஊழியர், உதகை

2022 செப்டம்பர் 11ஆம் நாளை இந்திய அரசு துக்க நாளாக அறிவித்தது, நட்பு நாட்டுத் தலைவர் ஒருவர் மறைந்தால் செய்யும் மரியாதை. நாம் காமன்வெல்த்தில் இருப்பது உண்மை. ஆனால் குடியரசாக இருந்துகொண்டே அதில் தொடரலாம் என்பதை 1949 ஏப்ரலில் லண்டனில் பேசி முடிவு செய்த பிறகே இருக்கிறோம். அந்த மன்னர் நமக்கு மன்னர் அல்லர். நம் அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தது. 1971இல் 26ஆவது திருத்தம் நம்முடைய சமஸ்தான மன்னர்களின் மானியத்தையும் நிறுத்தியது. துக்க வீட்டுக்குப் போய்வருவதால் அந்த வீட்டுக்கு நாம் குடிமக்கள் ஆகிவிட மாட்டோம்.

பிரிட்டன் மக்களே மன்னராட்சியை விரும்புகிறார்களா? செலவு யாருடையது?
– வாசகி, கொடைக்கானல்

செலவு மக்களுடையது. சார்லஸின் முடிசூட்டு விழாவுக்குக் காவல் பணியையும் சேர்த்து அரசுக்கு ஆன செலவு சுமார் 7 கோடியே 20 லட்சம் பவுண்டு. விலைவாசியால் மக்கள் திணறிய காலம் ஆகையால், அரச குடும்பத்தின் மீது அன்புள்ளவர்களே முகம் சுளித்தார்கள். மன்னர் வேண்டும் என்போரே இன்றும் அங்கே அதிகம்; ஆனால் முதியவர்களிடம் உள்ள பற்று இளைஞர்களிடம் இல்லை என்பதைக் கருத்துக் கணிப்புகள் தொடர்ந்து காட்டுகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது செலவு அன்று. விழா நாள் காலையில், அமைதியாக எதிர்ப்புத் தெரிவிக்க அட்டைகளோடு வந்த மன்னராட்சி எதிர்ப்பாளர்களைக் காவல்துறை கைது செய்து, பிறகு வருத்தம் தெரிவித்தது. வேண்டாம் என்று சொல்ல வந்தவரைப் பூட்டி வைத்துவிட்டு ஊரே மகிழ்ந்தது என்று எழுதினால், அது நம் குன்னூர் வாசகர் கேட்ட பழைய ஆவணம் போலத்தான் இருக்கும். பார்படோஸ் நாடு 2021 நவம்பர் 30 அன்று குடியரசானபோது, இன்றைய மன்னரையே விருந்தினராக அழைத்து மரியாதையோடு விடைகொடுத்தது. அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ராஜராஜ சோழனின் சதய விழாவை நாம் அரசு விழாவாகக் கொண்டாடுகிறோம். இங்கிலாந்து மன்னரின் விழாவை மட்டும் குறை சொல்வது நியாயமா?
– கல்லூரி மாணவர், கூடலூர்

நியாயமான கேள்வி, தம்பி. இதைக் கேட்டதற்காக உன்னைப் பாராட்டுகிறேன்.

மன்னரின் பிறந்தநாளைக் கொண்டாடுவது நமக்கு மிகப் பழைய வழக்கம். தொல்காப்பியம் அதைப் பெருமங்கலம் என்கிறது. அன்றைக்கு மன்னன் சினத்தை விலக்கியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வெள்ளை ஆடை உடுத்துவதால் வெள்ளணி நாள் என்றும், நாண்மங்கலம் என்றும் பின்னாளில் வழங்கினார்கள். சிறைக்கதவைத் திறப்பதும் உயிர்க்கொலையைத் தவிர்ப்பதும் அந்த நாளின் வழக்கங்கள். விழா என்றால் குடிமக்கள் மன்னனுக்குக் கொடுப்பது என்றில்லாமல், மன்னன் எதை விட்டுக்கொடுக்கிறான் என்று பார்த்த அந்தப் பார்வை எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுகிறது. விக்டோரியாவின் பொன்விழாவிலும் இங்கே கைதிகளை விடுவித்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சதய விழாவை அரசு விழாவாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. ராஜராஜன் இன்று நம்மிடம் வரி கேட்கவில்லை, அவர் வாரிசு எவரும் நம்மை ஆளவில்லை. அந்த அளவில் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் கொடுத்தவற்றையும் மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டும்படி ராஜராஜன் ஆணையிட்டிருக்கிறார், அது பெருமை. அதே சுவரில், பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், நானூறு பேரின் பட்டியலும் இருக்கிறது. தம் ஊரை விட்டுவர அவர்களிடம் சம்மதம் கேட்டார்களா என்று அந்தக் கல் சொல்லவில்லை. சதய விழா மேடையில் அந்த நானூறு பெண்களைப் பற்றியும் ஒருவர் பேசட்டும். நானும் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.

என் தாத்தா பள்ளியில் படித்தபோது கொடுத்த 1911ஆம் ஆண்டுப் பதக்கம் ஒன்று வீட்டில் இருக்கிறது. மன்னர், ராணி உருவம் உள்ளது. தம்பி அதை விற்றுவிடலாம் என்கிறான். மகள் தூக்கி எறியச் சொல்கிறாள். என்ன செய்யலாம்?
– வாசகி, எடப்பள்ளி

இரண்டும் வேண்டாம், அம்மா.

என் பாட்டியின் கழுத்தில் ஒரு வெள்ளி ரூபாய் கிடந்தது. ராணியின் தலைக்கு நேர் மேலே வளையம் பற்றவைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்திருந்தார். இப்போது அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு தோலா எடை. தோலில் உரசி உரசி ராணியின் மூக்கும் கன்னமும் வழுவழுப்பாகிவிட்டன, கிரீடத்தின் மேடு மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. மறுபக்கம் பூவேலைக்கு நடுவில் ஆண்டு தெளிவாக இருக்கிறது: 1877. தர்பாரும் பஞ்சமும் சேர்ந்து வந்த ஆண்டு. பாட்டி ராணியின் மேல் கொண்ட பக்தியால் அதை அணியவில்லை. வீட்டில் நெல் தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று அவருடைய தாயார் கொடுத்தது அது. கடைசிவரை மாற்றாமலே காப்பாற்றிவிட்டார். இந்த விவரத்தை அவர் என்னிடம் சொல்லாமல் போயிருந்தால், அந்தக் காசைப் பார்த்து நானும் ராஜவிசுவாசம் என்றுதான் நினைத்திருப்பேன்.

ஆகவே உங்கள் பதக்கத்தோடு ஒரு தாளை வையுங்கள். தாத்தாவின் பெயர், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, அன்றைக்கு மிட்டாய் கொடுத்தார்களா, வெறுங்காலோடு எவ்வளவு தூரம் நடந்து போனார், வீட்டுக்கு வந்து காட்டியபோது அவருடைய அப்பா என்ன சொன்னார் என்பதையெல்லாம் தெரிந்தவரைக்கும் எழுதுங்கள். உங்கள் பெரியம்மாவுக்குத் தொண்ணூறு வயதாகிறது என்று கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே மகளையும் அழைத்துக்கொண்டு போய் அவரிடம் கேளுங்கள். பதக்கத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், தொட்டுப் பார்த்தால் அவருக்கு நினைவு வரும்.