ஒல்லியான ஜப்பானியக் குடும்பத்தில் ஏன் இத்தனை பேருக்குச் சர்க்கரை நோய்?

உங்கள் கணவர் ஹவாயில் பிறந்த மூன்றாம் தலைமுறை ஜப்பானியர். அந்த வீட்டில் யாரும் குண்டு இல்லை. ஆனாலும் மாமனாருக்கும் அவர் தங்கைக்கும் சர்க்கரை. ஹிரோஷிமாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இல்லை. இது பரம்பரையா, சாப்பாடா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும்தான். ஹவாயின் ஹொனலுலுவில் உணவு ஆலோசகராக இருப்பதால், இதே கேள்வியோடு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

1885 முதல் கரும்புத் தோட்ட ஒப்பந்த வேலைக்காக ஹவாய்க்கு வந்தவர்களில் ஹிரோஷிமாக்காரர்கள் ஏராளம். அதனால்தான் ஹிரோஷிமா மருத்துவர்கள் 1970களில் ஊரில் தங்கிவிட்டவர்களையும் ஹவாய்க்கு வந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஹவாயில் சர்க்கரை நோய் அதிகம். இத்தனைக்கும் மொத்த கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. விலங்குக் கொழுப்பும் சீனி வகைகளும் மட்டும் இங்கே இரண்டு மடங்கு, உடல் உழைப்பும் குறைவு. ஒரே வேரில் வந்தவர்களிடம் இவ்வளவு வித்தியாசம் என்றால், மரபணுவை மட்டும் குறை சொல்ல முடியாது.

இங்கே மதியச் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள். இரண்டு கரண்டி வெள்ளைச் சோறு, மயோனைஸ் போட்ட மக்ரோனி சாலட், சோயா சாஸில் ஊறவைத்து வாட்டிய, சீனி தூக்கலான 'தெரியாக்கி' மாட்டிறைச்சி. அப்புறம் ஸ்பாம் முசுபி: டின்னில் வரும் பன்றி இறைச்சித் துண்டைச் சோயா சாஸும் சீனியும் விட்டு வறுத்து, சோற்றுக் கட்டி மேல் வைத்து, கடற்பாசித் தாளால் சுற்றித் தருவார்கள். பெட்ரோல் பங்க் கடையில்கூடக் கிடைக்கும். தாத்தா காலத்துச் சோறு அப்படியே இருக்கிறது. அதோடு இருந்த மீனும் கீரையும் டோஃபுவும் (சோயாப் பன்னீர்) சுருங்கிவிட்டன, கரும்புக்காட்டு வேலையும் போய்விட்டது.

சரி, ஒல்லியாக இருப்பவருக்கு ஏன் வருகிறது? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மருத்துவர் வில்ஃப்ரெட் ஃபுஜிமோட்டோவின் குழு 1983இல் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல பதில் தந்தது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஜப்பானிய அமெரிக்கர்களை (அவர்கள் பேச்சில் நிசேய், சன்சேய்) சிடி ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நடுவயது தாண்டிய நிசேய் ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. தோலுக்கு அடியில் தெரியாத கொழுப்பு, வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்ந்திருந்தது. அது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ஆபத்து. கணையத்துக்கு இன்சுலினைக் கூட்டிச் சுரக்கும் திறன் கிழக்காசியர்களுக்குப் பொதுவாகவே குறைவு. அதனால் கொஞ்சம் எடை ஏறினாலே தாக்குப்பிடிக்காது. பரம்பரையின் பங்கு இதுதான்.

அமெரிக்காவில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். பிரேசிலில் பவுரு ஊரில் 2000ஐ ஒட்டி நடந்த கணக்கெடுப்பில், 30 வயது தாண்டிய ஜப்பானிய வம்சாவளியினரில் மூன்றில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோய் இருந்தது.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில். "நீங்கள் ஒல்லி, கவலைப்படாதீர்கள்" என்று பல வருஷம் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். ஆசிய வம்சாவளியினருக்கு பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 23 தொட்டாலே பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இலேயே சொல்லிவிட்டது. மற்றவர்களுக்கு அது 25. அந்த 23 தமிழரான உங்களுக்கும்தான்.

இன்னொன்று, வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரை அளவை மட்டும் நம்பாதீர்கள். என்னிடம் வந்த ஒரு சன்சேய் அம்மாவுக்கு வெறும் வயிற்றில் 98. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 210! முதல் எண்ணோடு நிறுத்தியிருந்தால் அவருக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்காது.

கணவரின் அடுத்த பரிசோதனையில் அந்த இரண்டு மணி நேரச் சோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். அப்பாவுக்கும் அத்தைக்கும் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். எடையோடு இடுப்பையும் அளந்து குறித்து வையுங்கள். ஜப்பானில் 2008 முதல் 40 வயது தாண்டியவர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனையில் இடுப்பளவும் உண்டு, ஆண்களுக்கு அங்கே எல்லை 85 சென்டிமீட்டர். உங்கள் பிள்ளைகளுக்கு அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் இந்த ஆபத்து இருப்பதால், அவர்களுடைய மருத்துவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.