உடற்பயிற்சி தொடங்கியதும் பரு கூடிவிட்டது, நிறுத்திவிடலாமா?

கேள்வி: நான் 23 வயதுப் பெண். நான்கு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன், வாரத்தில் ஐந்து நாள். உடம்பு லேசாக இருக்கிறது, தூக்கமும் நன்றாக வருகிறது. ஆனால் முகம் கெட்டுவிட்டது. நெற்றியில் பொடிப்பொடியாக வரிசை கட்டி வருகிறது, தாடையோரம் வலிக்கிற பெரிய பருக்கள், தோள்பட்டையிலும் முதுகிலும் நிறைய. வியர்க்க வியர்க்க அழுக்கெல்லாம் வெளியேறிப் பரு குறைந்துவிடும் என்கிறார் பயிற்சியாளர். வியர்வையால்தான் இதெல்லாம், கொஞ்ச நாள் போகாதே என்கிறார் அம்மா. ஒரு நாளைக்கு நான்கு தடவை ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுகிறேன், ஸ்க்ரப்பும் தேய்க்கிறேன். குறையவே இல்லை. என்ன செய்வது?

பதில்: ஜிம்மை நிறுத்த வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பருவுக்குப் பயந்து உடற்பயிற்சியை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயிற்சி நின்றது, பரு நிற்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால், பயிற்சியைவிட அதைச் சுற்றி நடக்கிற சில பழக்கங்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

வியர்வையிலிருந்து ஆரம்பிப்போம். வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீர், கூடவே கொஞ்சம் உப்பு. உடம்புச் சூட்டைத் தணிப்பதுதான் அதன் வேலை. கழிவுகளைப் பிரித்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கிற வேலை. எவ்வளவு வியர்த்தாலும் பருவை உண்டாக்குகிற எதுவும் அதில் கரைந்து போய்விடாது. ஆகவே பயிற்சியாளர் சொன்னதை மறந்துவிடுங்கள்.

அம்மா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற விதத்தில் இல்லை. முகத்திலும் முதுகிலும் வியர்வை வெளியே வருவதற்குத் தோலில் தனித் துளைகள் உண்டு. பரு உண்டாவது மயிர்க்காலில். மயிர்க்காலோடு ஒட்டியிருக்கிற சுரப்பி சீபம் என்ற எண்ணெயைச் சுரக்கிறது. உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் இந்த எண்ணெயோடு சேர்ந்து மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்கின்றன. அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, அந்த இடம் சிவந்து வீங்கிப் பருவாகிறது. கண்ணுக்கே தெரியாத சிறு அடைப்பு இப்படி வெளியே தெரிகிற பருவாக மாறப் பல வாரங்கள் பிடிக்கும். நேற்று நன்றாக வியர்த்தது, இன்று காலையில் பரு வந்துவிட்டது என்று கணக்குப் போடுவது அதனால்தான் பெரும்பாலும் தப்பாகிவிடுகிறது.

2008-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று உண்டு. பயிற்சி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் குளித்தவர்கள், நான்கு மணி நேரம் கழித்துக் குளித்தவர்கள், பயிற்சியே செய்யாதவர்கள் என்று பிரித்து மார்பிலும் முதுகிலும் பருவை எண்ணிப் பார்த்தார்கள். குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இருபது சொச்சம் பேரை மட்டும் வைத்துச் செய்தது, அதனால் இதையே முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும், குளிக்கக் கால் மணி நேரம் தாமதமானதற்காக நீங்கள் பதற வேண்டியதில்லை என்ற அளவுக்கு நம்பலாம்.

அப்படியானால் ஜிம்முக்குப் போக ஆரம்பித்த பிறகு ஏன் கூடியது? இங்கேதான் பரு வருகிற இடங்களைக் கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன். தோலின் ஒரே இடத்தில் உரசல், அழுத்தம், சூடு, ஈரம் நான்கும் சேர்ந்து திரும்பத் திரும்ப நடந்தால், பரு வரும் தன்மையுள்ள தோலில் அந்த இடம் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 1975-இல் மில்ஸ், கிளிக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஆக்னி மெக்கானிக்கா என்று பெயர் வைத்தார்கள். உரசல் பரு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் ஹெல்மெட்டும் கனமான தோள் கவசமும் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் விளையாடுகிறவர்கள். ஹெல்மெட் வார் படுகிற தாடையிலும் கவசம் அழுத்துகிற தோளிலும் அவர்களுக்குப் பரு திரண்டு வரும்.

உங்கள் நெற்றியில் வரிசையாக வருகிறது என்கிறீர்கள். ஹெட்பேண்டோ தொப்பியோ போடுகிறீர்களா? அந்த வரிசை அதன் விளிம்போடு ஒத்துப்போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். தோளில் வருவது பையின் வார் தொங்குகிற பக்கமா, விளையாட்டு உள்ளாடையின் பட்டை அழுத்துகிற இடமா? முதுகில் வருவது பெஞ்சில் படுத்துப் பளு தூக்கும்போது உரசுகிற பகுதியா? தாடையோரம் என்றால், வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் வார் படுகிறதா, வியர்வை துடைக்கிற துண்டை அழுத்தித் தேய்க்கிறீர்களா? ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். க்ரீம் எதுவும் எழுதிக் கொடுப்பதற்கு முன்னாலேயே பாதி விடை இதில் கிடைத்துவிடும். சந்தேகப்படுகிற பொருளை ஆறு வாரம் ஒதுக்கி வைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் புதிதாகப் பரு வருவது குறைந்தால் காரணம் அதுதான்.

ஒரு விஷயம் இங்கே முக்கியம். நெற்றியில், மார்பில், மேல்முதுகில் வருகிற பொடிப்பொடியான கொப்புளங்கள் எல்லாமே பரு கிடையாது. எல்லாம் ஒரே அளவில், ஒரே மாதிரி இருந்து, நன்றாக அரிக்கவும் செய்தால், மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்காலில் பெருகியதாக இருக்கலாம். வெப்பத்திலும் ஈரத்திலும் இது செழிக்கும். வியர்த்த உடையிலேயே நெடுநேரம் இருப்பவர்களுக்கு அதிகம் வரும். இதைப் பரு என்று நினைத்து ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் குறையாது, கூடிவிடவும் செய்யும். பூஞ்சைக்கான மருந்துக்குத்தான் கட்டுப்படும். அடையாளம் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி, கரும்புள்ளிகள் (பிளாக்ஹெட்) இருக்கின்றனவா என்று தேடுவது. பருவில் அவை பெரும்பாலும் கலந்திருக்கும், பூஞ்சைக் கொப்புளத்தில் இருக்காது. ஊசி முனை அளவில் கொப்புளித்துச் சுருக்சுருக்கென்று குத்துவது வேர்க்குரு. குளிர்ந்த இடத்தில் இருந்தால் சில நாளில் தானே அடங்கும்.

சரி, நான்கு தடவை முகம் கழுவுவதற்கு வருகிறேன். இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும், ஜிம்மை இல்லை. பரு உள்ளவர்களை ஒரு தடவை, இரண்டு தடவை, நான்கு தடவை கழுவுகிறவர்களாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006-இல் வெளிவந்தது. இரண்டு தடவை கழுவியவர்களுக்குத்தான் முன்னேற்றம் தெரிந்தது. நான்கு தடவை கழுவியதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. நீங்கள் அதோடு ஸ்க்ரப்பும் தேய்க்கிறீர்கள். ஏற்கெனவே வீங்கியிருக்கிற மயிர்க்காலை மணல்போன்ற ஒன்றை வைத்துத் தேய்த்தால், மேலே நான் சொன்ன அதே உரசலை நீங்களே கையால் செய்கிறீர்கள். தோலின் மேலடுக்கு சேதமாகி எரிச்சல் வரும், பரு ஆறிய இடத்தில் கறுப்பும் அதிக நாள் தங்கும். ஸ்க்ரப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரண்டு தடவை போதும், அதில் ஒன்றைப் பயிற்சி முடிந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஜிம் என்றால் காலையில் ஒன்று, ஜிம் முடிந்து ஒன்று. காலையில் ஜிம் என்றால், எழுந்ததும் வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு, முடித்து வந்ததும் ஃபேஸ்வாஷ், பிறகு படுக்கப் போகும்போது ஒன்று. அழுத்தமில்லாமல் விரல் நுனியால், வெதுவெதுப்பான தண்ணீரில், அரை நிமிடம் போதும். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது, நம் தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. ஆகவே முகத்துக்கு மென்மையான ஃபேஸ்வாஷே நல்லது. கழுவியதும் எண்ணெயில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவுங்கள். முகம் ஏற்கெனவே எண்ணெய் வழிகிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பரு மருந்துகள் தோலை உலர்த்தும், மாய்ஸ்சரைசர் இல்லாமல் அவற்றைத் தாங்க முடியாது.

பயிற்சிக்குப் போகும்போது மேக்கப்பைக் கழுவிவிட்டுப் போங்கள். தலைமுடிக்கு ஜெல்லோ எண்ணெயோ தடவியிருந்தால் அது வியர்வையோடு நெற்றிக்கு இறங்கும், நெற்றிப் பருவுக்கு அதுவும் ஒரு காரணம். வியர்வையைத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். துண்டு உங்களுடையதாகவே இருக்கட்டும், தினமும் துவைத்ததாக இருக்கட்டும். பெஞ்சில் படுப்பதற்கு முன் இன்னொரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், முகத்துக்கும் பெஞ்சுக்கும் ஒரே துண்டு வேண்டாம். டம்பெல் பிடித்த கையால் முகத்தைத் தொடாமல் இருப்பது கஷ்டம்தான், பழகிக்கொள்ளலாம். முடிந்ததும் உடனே குளிக்க வசதியில்லை என்றால் ஈர உடையையாவது மாற்றிவிடுங்கள். முதுகுப் பருவுக்கு இது உதவலாம். இறுக்கமான செயற்கை நூல் உடையைவிட, கொஞ்சம் தளர்வாக, வியர்வையை வெளியே விடுகிற உடை மேல்.

முதுகுக்கு பென்சாயில் பெராக்சைடு கலந்த வாஷ் நன்றாக வேலை செய்யும். குளிக்கும்போது தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டுக் கழுவுங்கள். 2.5 அல்லது 5 சதவீதத்திலிருந்து தொடங்கலாம், 10 சதவீதம் அதைவிடப் பெரிதாக எதுவும் சாதிக்காது, எரிச்சல்தான் கூடும். துணியை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு இரவில் அடாபலீன் 0.1 சதவீத ஜெல், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. முகம் முழுக்க ஒரு பட்டாணி அளவு போதும், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முயன்றாலோ அது வேண்டாம்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். ஜிம்மில் சேர்ந்ததும் புரோட்டீன் பவுடர் ஆரம்பித்தீர்களா? பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன் குடிக்கத் தொடங்கிய பிறகு பரு கூடியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அது இன்சுலினையும், ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் தூண்டி எண்ணெய்ச் சுரப்பைக் கூட்டுகிறது என்பது விளக்கம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, உறுதியான நிரூபணமும் இன்னும் இல்லை. ஆனால் சோதிப்பது சுலபம். இரண்டு மூன்று மாதம் வே-யை நிறுத்திவிட்டு, முட்டை, பருப்பு, அல்லது பட்டாணி, சோயா புரோட்டீனுக்கு மாறிப் பாருங்கள். பவுடரின் டப்பாவில் பி12 அதிக அளவில் சேர்த்திருக்கிறார்களா என்றும் படியுங்கள், சிலருக்கு அதுவும் பருபோன்ற கொப்புளங்களைக் கிளப்பும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சீக்கிரம் தசை ஏறும் என்று யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்காதீர்கள். அனபாலிக் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டு மார்பும் முதுகும் ஆழமான சீழ்க்கட்டிகளாகி வருகிற இளைஞர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. அந்தத் தழும்புகள் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

தாடையோரம் வலியோடு வருகிற பருக்கள் பற்றித் தனியாக ஒரு கேள்வி. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? தள்ளித் தள்ளி வந்தால், மீசை தாடி இடங்களில் முடி வளர்ச்சியும் இருந்தால், பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் உடற்பயிற்சி உங்களுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்ய அது உதவும். பயிற்சியால் மட்டுமே பரு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூக்கமும் மனநிலையும் சரியாக இருப்பது தோலுக்கு நல்லது, அந்த இரண்டும் உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கின்றன.

வெளியே ஓடுகிற நாட்களில் சன்ஸ்கிரீன் போடுங்கள். பரு ஆறிய கறுப்புத் தடங்களை வெயில் இன்னும் கறுப்பாக்கும். பருவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் சீக்கிரம் வெயிலில் எரிந்துபோகும். நீச்சல் குளத்துக்குப் போனால் குளோரின் போக நல்ல தண்ணீரில் குளித்து மாய்ஸ்சரைசர் தடவினால் போதும்.

பெரிய கட்டிகளாக வந்தாலோ, குழி விழ ஆரம்பித்தாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். பருக்கள் திடீரென்று புண்ணாகி, காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். கடுமையான பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையை மருத்துவர் எழுதினால் நீங்கள் பளு தூக்குகிறவர் என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த மருந்தோடு கடுமையான பயிற்சி சேரும்போது தசை வலி வரலாம், இரத்தப் பரிசோதனையில் தசை நொதியின் அளவும் ஏறலாம். பயிற்சியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். அந்த மருந்து எடுக்கிற காலத்திலும் அதன் பிறகு ஒரு மாதம் வரையும் கர்ப்பம் கூடவே கூடாது.

மற்றபடி இன்றைக்கு நெற்றி, தாடை, முதுகு மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு படம் போதும். தினமும் கண்ணாடியில் தேடினால் எதுவும் தெரியாது. 12 வாரம் கழித்தும் குறையவில்லை என்றால் அந்தப் படங்களையும், முகத்தில் போடுகிற எல்லாவற்றையும், புரோட்டீன் டப்பா இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.