ஏரிக்கரையில் டென்ட்: முதலில் இரவைத் திட்டமிடுங்கள்

கேள்வி: சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில் இருக்கிறோம். ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல்லில் இருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பார். அம்மாவுக்கு 66, முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 10, 6. எல்லோருமாக விஸ்கான்சினில் உள்ள டெவில்ஸ் லேக் ஸ்டேட் பார்க்கில் இரண்டு இரவு டென்ட் போட்டுத் தங்க ஆசை. இதுவரை கேம்பிங் போனதே இல்லை. ஏரியை ஒட்டிய இடம் கிடைக்குமா? பெரியவர்களை வைத்துக்கொண்டு இது சரிப்படுமா? கரடி வருமா?

பதில்: சரிப்படும், தாராளமாகப் போகலாம். ஆனால் முதன்முறை போகிறவர்கள் எல்லோரும் பகலைத்தான் திட்டமிடுகிறார்கள்: எங்கே நீந்துவது, எந்த மலையில் ஏறுவது, என்ன சமைப்பது. பகல் எப்படியும் நன்றாகவே போய்விடும். முகாம் இனிமையாக முடிவதும் பாதியில் மூட்டை கட்டுவதும் இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில்தான் தீர்மானமாகிறது. உங்கள் வீட்டில் அப்பா அம்மாவும் வருவதால் இரவை மனதில் வைத்தே ஒவ்வொன்றையும் முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த ஏரியை ஒட்டிய இடம். டெவில்ஸ் லேக்கில் குவார்ட்சைட், நார்தர்ன் லைட்ஸ், ஐஸ் ஏஜ் என்று மூன்று முகாம்கள், மொத்தம் 400க்கும் மேற்பட்ட இடங்கள். இவற்றில் எதுவும் தண்ணீர் ஓரத்தில் இல்லை. குவார்ட்சைட்டும் நார்தர்ன் லைட்ஸும் வடகரைக்கு நடந்து போகிற தூரம், ஐஸ் ஏஜ் இன்னும் தள்ளி. இதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. தண்ணீரை ஒட்டிய இடத்தில் கொசு அதிகம், காற்று டென்டைப் பிடித்து ஆட்டும், விடியற்காலை ஈரம் துணியிலெல்லாம் ஏறும், ஆறு வயதுப் பிள்ளையை ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஏரியைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இப்போது வரைபடத்தில் முதலில் தேடுவது கழிப்பறை.

உங்கள் அப்பாவுக்காக நீங்களும் அதையே செய்யுங்கள். முகாம் வரைபடத்தில் இரண்டு வகைக் கழிப்பறை குறித்திருக்கும். தண்ணீர் வசதியும் குளியலறையும் உள்ள கட்டடம் ஒன்று. வெறும் குழிக் கழிப்பறை இன்னொன்று. முதல் வகைக் கட்டடத்தில் இருந்து மூன்று நான்கு இடங்கள் தள்ளி எடுங்கள். அடுத்த இடமே வேண்டாம், இரவு முழுக்க கதவு அடிக்கும் சத்தமும் விளக்கு வெளிச்சமும் இருக்கும். முன்பதிவுத் தளத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு இடத்துக்கும் புகைப்படம் இருக்கும். தரை சமமா, பள்ளமா என்று அதில் பாருங்கள். என் முதல் வருட முகாமில் புல் மெத்தென்று இருக்கிறதே என்று ஒரு பள்ளத்தில் டென்ட் போட்டேன். இரவு மழை பெய்தது, இரண்டு மணிக்கு ஸ்லீப்பிங் பேகுக்குக் கீழே தண்ணீர். பிள்ளைகளோடு மீதி இரவைக் காரில் கழித்தோம். புல் செழித்திருக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்பது அன்றுதான் புரிந்தது.

அடுத்தது மின்வசதி. மின் இணைப்பு உள்ள இடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணம். உங்களுக்கு அது அவசியம் என்றே சொல்வேன். டென்டுக்குள் ஒரு சிறு மின்விசிறி, வாசலில் மங்கலான ஒரு விளக்கு, முக்கியமாக ரைஸ் குக்கர். வெளியில் பயன்படுத்தும் வகை எக்ஸ்டென்ஷன் வயரை நீளமாக எடுத்துப் போங்கள், மின்கம்பம் சில சமயம் இடத்தின் மறு கோடியில் இருக்கும். மூன்றில் குவார்ட்சைட் முகாம் திறந்தவெளி, வெயில் விழும். நார்தர்ன் லைட்ஸில் மரநிழல் அதிகம். ஒரு இடத்துக்கு எத்தனை பேர், எத்தனை டென்ட், எத்தனை கார் என்ற வரம்பையும் பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள், நீங்கள் ஆறு பேர்.

விஸ்கான்சினில் 11 மாதங்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடும். ஜூன், ஜூலை மாதத்து வெள்ளி, சனி இரவுகள் அப்போதே போய்விடும். அதனால் ஞாயிறு மாலை போய்ச் செவ்வாய் திரும்புவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், இடமும் கிடைக்கும், கூட்டமும் குறையும். ரத்தாகும் இடங்கள் தளத்துக்குத் திரும்பி வரும், பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தினமும் ஒரு முறை பாருங்கள். இன்னொன்று: முகாம் கட்டணத்தில் கார் நுழைவுக் கட்டணம் அடங்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும், இல்லினாய் நம்பர் பிளேட்டுக்கு விஸ்கான்சின் காரைவிடக் கட்டணம் கூடுதல். இடமே கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே மிரர் லேக் ஸ்டேட் பார்க் இருக்கிறது. படகுகள் மெதுவாகத்தான் போகலாம் என்பதால் ஏரி அமைதியாக இருக்கும். சில இடங்களில் நெடுஞ்சாலைச் சத்தம் கேட்கும். டாட்ஜ்வில் பக்கம் உள்ள கவர்னர் டாட்ஜும் நல்ல தேர்வு, அங்கே இரண்டு ஏரிகள்.

சரி, இரவுக்கு வருவோம். ஜூன் மாதம் பகலில் 80 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தாலும் விடியற்காலை 50களுக்கு இறங்கும். திண்டுக்கல்லில் இருந்து வந்தவர்களுக்கு அது பெரிய குளிர். பலரும் போர்வையை மேலே அடுக்குகிறார்கள், குளிர் கீழே இருந்துதான் ஏறுகிறது. சாதாரண ஏர் மேட்ரஸுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் அதன்மேல் ஒரு கம்பளியோ ஃபோம் விரிப்போ போட்டுத்தான் படுக்க வேண்டும். அம்மாவுக்கு ஏர் மேட்ரஸே வேண்டாம், மடக்குக் கட்டில் வாங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர் தரையில் இருந்து எழுவது பெரும்பாடு. உட்காரும் உயரத்தில் கட்டில் இருந்தால் காலைத் தொங்கவிட்டு எழுந்துவிடலாம். கட்டில் நுழைய வேண்டும் என்பதால், நின்று நடக்கிற உயரமுள்ள டென்ட் அவர்களுக்குத் தனியாக இருக்கட்டும். ஆறு பேர் டென்ட் என்று பெட்டியில் போட்டிருந்தால் நான்கு பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று, டென்ட் வாசலிலேயே செருப்பு. டென்டைக் கட்டும் கயிறுகள் இருட்டில் தெரியாது, தடுக்கி விழுவது அங்கேதான். அவர்கள் நடக்கும் பக்கத்துக் கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். கேம்பிங் கடைகளில் வாளி வடிவச் சிறு கழிப்பறை கிடைக்கும். வெட்கப்படாமல் ஒன்று வாங்கி, சின்ன மறைப்புக் கூடாரத்தில் வைத்துவிட்டால் அவர் உங்களை எழுப்பத் தயங்கி விழித்துக்கொண்டு படுத்திருக்க மாட்டார். ஏரியின் கிழக்குக் கரையில் ரயில் பாதை போகிறது. எப்போதாவது இரவில் ரயில் சத்தம் கேட்கும், முன்பே சொல்லிவையுங்கள்.

மழை பெய்தால் என்ன செய்வது? டென்டுக்கு அடியில் விரிக்கும் தார்ப்பாய் டென்டைவிட ஓர் அங்குலம்கூட வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் மழைநீரை வாங்கி அடியில் சேர்த்துவிடும், மடித்து உள்ளே தள்ளுங்கள். இடி கேட்டால் டென்ட் பாதுகாப்பு இல்லை. எல்லோரும் காருக்குள் போங்கள், கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று. மழையிலும் குளிரிலும் அடுப்பை டென்டுக்குள் கொண்டுபோகும் எண்ணம் எல்லோருக்கும் வரும். கேஸ் அடுப்பு, கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், அணைந்ததுபோல் தெரியும் தணல் எதுவானாலும் சரி, டென்டுக்குள் போகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கரடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். விஸ்கான்சின் கரடிகளில் பெரும்பாலானவை மாநிலத்தின் வடபகுதியில் இருக்கின்றன, டெவில்ஸ் லேக் தெற்கே. உங்களைத் தேடி வரப்போவது ரக்கூன். அதன் முன்னங்கால் விரல்கள் கைபோல வேலை செய்யும், கூலர் மூடியைத் திறந்துவிடும், ஜிப்பை இழுக்கும். சாப்பாடு, குப்பை, பற்பசை எல்லாம் இரவில் காருக்குள் பூட்டப்பட வேண்டும். அம்மா கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம் பிள்ளைகள் தலையணைக்கு அடியில் இருக்கக் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது உண்ணிக்குத்தான். மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், லைம் நோயைப் பரப்பும், ஜூன் மாதம் அதற்கு உச்ச காலம். புல்லில் நடக்கும்போது முழுக்கால் சட்டை, அதைக் காலுறைக்குள் செருகுங்கள். தோலில் டீட் (DEET) கலந்த பூச்சிவிரட்டி மருந்து. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து துணியில் மட்டும், தோலில் அல்ல. தினமும் மாலை குளிக்கும்போது தலைமுடி, காதுக்குப் பின்புறம், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு என்று பிள்ளைகளையும் பெரியவர்களையும் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். நோய் தொற்றப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும், அதனால்தான் தினமும் பார்ப்பது இவ்வளவு பயன் தருகிறது. அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ விரியும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் முகாம் போனதைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் உங்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை, அம்மாவே இருக்கிறார். ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் நாள் இரவு சமைக்காதீர்கள். மூன்று மணி நேரம் காரோட்டிப் போய் இரண்டு டென்ட் போட்டு முடிக்கும்போது பிள்ளைகள் பசியில் அழும். புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு என்று கட்டிக்கொண்டு போங்கள். தோசை மாவு கொண்டுபோவதாக இருந்தால் டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், போகிற வழியில் பொங்கி வழியும். கூலரின் அடியில், உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில் வையுங்கள். குடிக்கும் பானங்களுக்கு வேறு கூலர், அதைத்தான் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். இரண்டாம் நாள் காலை இரும்புக்கல்லில் அம்மா தோசை ஊற்ற, பைன் மரத்தடியில் எல்லோரும் தட்டோடு நிற்பது உங்கள் பிள்ளைகளுக்கு நெடுநாள் நினைவிருக்கும்.

விறகை வீட்டில் இருந்து எடுத்துப் போகாதீர்கள். பூங்காவில் இருந்து 10 மைல் தூரத்துக்குள் கிடைத்ததாகவோ சான்று பெற்றதாகவோ இருக்க வேண்டும் என்பது விஸ்கான்சின் பூங்காக்களின் விதி. 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை வண்டு ஒன்று கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. அது வெகுதூரம் பரவியதற்கு விறகுக் கட்டுகளும் ஒரு காரணம். அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரில் இறங்கும்போது: கரையில் உயிர்காப்பாளர் கிடையாது. ஏரி 40 அடிக்கு மேல் ஆழம் போகும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் காற்றடைக்கும் வளையம் போதாது, அளவான லைஃப் ஜாக்கெட் போடுங்கள். கோடையில் இந்த ஊர் ஏரிகளில் குளித்தபின் சிலருக்கு அரிப்புத் தடிப்பு வரும். நத்தையில் இருந்து வரும் நுண்புழு தோலில் நுழைந்து அங்கேயே செத்துப்போவதால் வருவது அது. ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, சில நாளில் அடங்கிவிடும். கரையேறிய உடனே துண்டால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மலைப்பாறைகள் 500 அடி உயரம், கிழக்குப் பாறைக்குப் போகும் படிகள் செங்குத்து, மேலே தடுப்புக் கம்பி இல்லை. உங்களில் ஒருவர் பெரிய பிள்ளையோடு போகலாம். அப்பா அம்மாவுக்குத் தென்கரையில் சமதளமான பாதை இருக்கிறது, உட்கார்ந்து பார்த்தாலே போதும் என்ற அழகு. "பேய் ஏரியா?" என்று அம்மா கேட்டால், அந்த மண்ணின் ஹோ-சங்க் மக்களுக்கு அது புனித ஏரி, பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர்தான் இது என்று சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஆறு ஓடிய பள்ளத்தாக்கு இது. பனிப்பாறைகள் இரண்டு பக்கமும் மண்ணையும் கல்லையும் தள்ளி அணைபோல அடைத்ததால் ஏரியானது. அணை என்றதும் அப்பாவுக்குச் சட்டென்று பிடிபடும்.

தேதியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அவர்கள் வந்த முதல் வாரத்தில் போகாதீர்கள், நேர மாற்றத்தால் நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்துவிடுவார்கள். பத்து நாளாவது கழியட்டும். அதற்குள் ஒரு சனிக்கிழமை வீட்டுக் கொல்லையில் டென்ட் போட்டு, கட்டிலையும் போட்டு, அப்பா அம்மாவை அதில் ஓர் இரவு படுக்கச் சொல்லுங்கள். காலையில் அவர்களிடம் கேளுங்கள். "முடியவில்லை" என்றால் பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். பாராபூ ஊர் பூங்காவில் இருந்து சில மைல் தூரம்தான். அங்கே அவர்களுக்கு ஓர் ஓட்டல் அறை போட்டு, உங்களில் ஒருவர் துணைக்கு இருங்கள். இரவுச் சாப்பாடும் நெருப்பைச் சுற்றிக் கதையும் முடிந்தபின் அவர்களைக் கொண்டுபோய் விட்டு, காலைத் தோசைக்கு அழைத்து வந்துவிடலாம்.